ஒரே விடை எழுதிய வகுப்பு

“யாரைப் பாத்து யாரு ஒட்டுனீங்க? மரியாதையா எந்திரிச்சு நில்லுங்க!”

பத்தாம் வகுப்பில் ஒருவரும் எழவில்லை. பள்ளிகளில் பிரம்பு ஒழிந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. ஆயினும் உயிரியல் ஆசிரியை மிருதுளாவின் குரலில் அது இன்னும் எஞ்சியிருந்தது. வகுப்பறையின் இக்கோடியிலிருந்து அக்கோடிவரை கட்டிய சணற்கயிற்றில், திருவிழாத் தோரணம்போல நாற்பது காகிதப் பட்டைகள் தொங்கின. ஒவ்வொரு பட்டையிலும் இரண்டு நிரை வண்ணக் கட்டங்கள். மேல்நிரை தந்தை தந்தது. கீழ்நிரை தாய் தந்தது. மாணவர் தத்தம் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி, மரபணுவைப் படிக்கும், சோற்றுப்பெட்டி அளவே இருந்த மரபுமானிக்குள் வைத்து, அது காட்டும் நிறங்களை வெட்டி ஒட்டவேண்டும். அன்றைய பாடம் ‘உயிர்களிடையே வேறுபாடுகள்’.

வேறுபாட்டைக் காட்டவேண்டிய தோரணத்தில் வேறுபாட்டைக் காணோம். சிவப்பு, நீலம், மஞ்சள், மஞ்சள், பச்சை. மேலே எதுவோ அதுவே கீழேயும். அடுத்த பட்டையும் அவ்வாறே. அதற்கடுத்ததும் அவ்வாறே.

“சத்தியமா நாங்க பாத்து ஒட்டலீங்க மிஸ்,” என்றான் முதல் வரிசையில் இருந்த மகிழன்.

“ஆமாமா. எல்லாருக்கும் ஒரே கனவு வந்துச்சாக்கும்?”

வகுப்பு சிரித்தது. கயிற்றின் கோடியில் ஒரே ஒரு பட்டை மட்டும் வேறாகத் தொங்கியது. அதன் மேல்நிரை செம்மஞ்சளில் தொடங்கியது. கீழ்நிரை ஊதாவில் தொடங்கியது. இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

“அது பாவாயியோடது மிஸ்! அச்சுப்பிழை!” என்று பின்வரிசையிலிருந்து தன்விகா கூவினாள்.

பாவாயி மூக்குக்கண்ணாடியை மேலேற்றிக்கொண்டு, தலையைக் குனிந்தவாறே ஒருமுறை தும்மினாள். முட்டை லாரி ஓட்டும் சந்தோஷின் மகள் அவள். யாழிசை, தன்விகா, ரித்விக் என்று பெயர்கள் மினுமினுத்த வகுப்பில் குலதெய்வத்தின் பெயரைத் தாங்கியவள் அவள் ஒருத்தியே. காதுமடல்கள் தாடையோடு ஒட்டியிருக்கும். கண்ணாடி இல்லையேல் கரும்பலகை தெரியாது. காற்றில் தூசு பறந்தால் தும்மல் நிற்காது. கருவிலே திருத்தப்படாமல் பிறந்த பிள்ளை.

“என்ன இளிப்பு? அவ ஒருத்திதான் ஒழுங்காச் செஞ்சிருக்கா. மத்தவங்க எல்லாம் மறுபடி செய்யுங்க. என் கண்ணு முன்னால! யாழிசை, நீ மொதல்ல வா. டீச்சர் பொண்ணுன்னு சலுகையெல்லாம் கெடையாது.”

யாழிசை உதட்டைப் பிதுக்கிக்கொண்டே வந்து வாயைத் திறந்தாள். தாயே மகளின் கன்னத்தைத் தடவிக் குச்சியை உள்ளே வைத்தாள். மரபுமானி முனகியது. சிவப்பு, நீலம், மஞ்சள், மஞ்சள், பச்சை. அடுத்து மகிழன் வந்தான். அதே நிறங்கள். பிறகு தன்விகா. அதே நிறங்கள். ஐந்தாவது பிள்ளைக்கும் அதே நிறங்கள். பத்தாவது பிள்ளையின்போது அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

பிள்ளைகள் பார்த்து ஒட்டவில்லை. பெற்றவர்கள் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

அவ்வூரில் குழந்தை பெறுவதென்பது தேர்வெழுதுவதைப் போலாகிப் பல ஆண்டுகள் கடந்துவிட்டன. கரு உருவான சில நாள்களிலேயே அதனைக் கருத் திருத்த மையத்தில் ஒப்படைப்பார்கள். மரபணுத் தொகுதி என்பது நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட நெடிய நூல். பரம்பரை நோய்க்குக் காரணமான எழுத்துப்பிழைகளை மட்டுமே அதில் திருத்தலாம் என்பது சட்டம். சட்டம் சட்டமாக இருந்தது; ஊர் ஊராக இருந்தது. சம்யுக்தா என்ற பெண் மாநிலத்திலேயே முதலாவதாகத் தேறிய ஆண்டில், அவளுடைய மரபணு நூலின் ஒரு பத்தி எப்படியோ வெளியே கசிந்தது. நினைவாற்றல் அந்தப் பத்தியில்தான் இருக்கிறதென்று எவனோ சொன்னான். அதற்கு ‘விடைக்குறிப்பு’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். அப்பெண் விடியுமுன் எழுந்து படித்தாள் என்பதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. படிப்பைப் பின்பற்றுவது கடினம். பத்தியைப் பார்த்தெழுதுவது எளிது.

பதினாறு ஆண்டுகளுக்கு முன் மையத்து மருத்துவர் கதவைச் சாத்திவிட்டுக் குனிந்து சொன்னது மிருதுளாவுக்கு நினைவு வந்தது. “இது உங்களுக்கு மட்டுந்தானுங்க. வெளிய மூச்சு விட்றாதீங்க.” அவளும் அவள் கணவன் பிரணவும் மூச்சு விடவில்லை. முதலிடம் பெற்ற பிள்ளை எந்தத் தனிவகுப்புக்குப் போனான் என்பதையே பக்கத்து வீட்டுக்குச் சொல்லாத ஊர் அது. முப்பத்தொன்பது வீடுகளின் காதிலும் இதே சொற்களைத்தான் அம்மனிதர் ஓதியிருக்கிறார். முப்பத்தொன்பது வீடுகளும் தாம் மட்டுமே பெற்றதாக எண்ணி வாயை மூடிக்கொண்டிருந்திருக்கின்றன.

“ஒரே மாதிரி இருந்தா என்ன மிஸ்? நல்லதுதானே?” என்றான் ரித்விக். “சண்டையே வராது.”

மிருதுளா சன்னல் வழியே பார்த்தாள். பள்ளி மதிலுக்கு அப்பால் கோழிப்பண்ணைக் கொட்டகைகள் வெண்ணிறத்தில் நீண்டு கிடந்தன. ஒரே இனம், ஒரே எடை, ஒரே நாளில் முட்டையிலிருந்து வந்த கோழிகள். சென்ற வாரம் பக்கத்து ஊரில் சேவல் காய்ச்சல் புகுந்த கொட்டகை ஒன்றில், மாலைக்குள் கூவுவதற்கு ஒரு கோழி மிஞ்சவில்லை.

“ரித்விக், ஒரு ஊர்ல எல்லா வீட்டுப் பூட்டுக்கும் ஒரே சாவின்னு வெச்சுக்கோ. திருடன் எத்தனை சாவி செய்யணும்?”

“ஒண்ணு போதும் மிஸ்.”

“கருத் திருத்த மையத்துல இருக்கற கருவிக்கு ஒரு சொல்லை மட்டும் தனியாத் திருத்தத் தெரியாது. அந்தப் பத்தி முழுசையும் வெட்டி ஒட்டிரும். பக்கத்துப் பக்கத்துல இருக்கற மரபணுக்கள் சேந்தேதான் போகும். பிணைப்புன்னு போன மாசம் நடத்துனேனே, அதுதான். அந்தப் பத்திக்குள்ளதான் காவல் மரபணுக்களும் இருக்குது. உள்ள வர்ற கிருமியை இவன் திருடன்னு அடையாளம் காட்டறது அதுதான். அப்பாகிட்ட இருந்து ஒண்ணு, அம்மாகிட்ட இருந்து ஒண்ணுன்னு ஆளாளுக்கு வேற வேற காவல்காரன் இருக்கணும். உங்க எல்லாருக்கும்...” அவளுடைய பார்வை மகளின்மேல் விழுந்தது. “உங்க எல்லாருக்கும் ஒரே காவல்காரன்தான். ரெண்டு வாசல்லயும் அவனேதான் நிக்கறான்.”

அவனுக்குத் தெரியாத முகத்தோடு ஒரு கிருமி வந்தால், வகுப்பே திறந்த வீடு. அதனுள் தன் மகளும் இருக்கிறாள்.

அன்று மாலையே அவள் தாளாளர் கதிர்வேந்தனின் அறைக்குப் போய்ப் பள்ளியை மூடச் சொன்னாள். பிள்ளைகளை ஓரிடத்தில் திரளவிடாமல், பண்ணைகள் இல்லாத ஊர்களில் உள்ள உறவினர் வீடுகளுக்குப் பிரித்தனுப்ப வேண்டுமென்றாள்.

“ஏனுங்க டீச்சர், பொதுத்தேர்வுக்கு ஒரு மாசங்கூட இல்ல. காச்சல் வந்தது கோழிக்கு. பள்ளிக்கூடத்தை மூடச் சொல்றீங்க?” என்று அவர் சிரித்தார். “சரி, உங்க திருப்திக்குப் பெத்தவங்களைக் கூப்புடறேன். அவங்ககிட்டயே கேட்டுக்கோங்க.”

சனிக்கிழமை காலையில் அரங்கம் நிரம்பியது. மிருதுளா தோரணத்தைக் கழற்றிக் கொணர்ந்து மேடையின் குறுக்கே கட்டினாள். நிறங்கள் தாமே பேசும் என்று நம்பினாள். விளக்கிச் சொன்னாள், கோழிகளைச் சொன்னாள், பூட்டையும் சாவியையும் சொன்னாள். இறுதியில் கேட்டாள்:

“விடைக்குறிப்பு வெச்சுத் திருத்துனவங்க தயவு செஞ்சு கையத் தூக்குங்க. எத்தனை பேருன்னு தெரிஞ்சாத்தான் சுகாதாரத் துறையில போய்ப் பேச முடியும்.”

ஒரு கையும் எழவில்லை. ஒவ்வொருவரும் அடுத்தவரை ஓரக்கண்ணால் பார்த்தனர். எவராவது தூக்கினால் நாளை முதல் அவரோடு பேசக்கூடாது என்று முடிவுகட்டியவர்களைப் போல இருந்தனர். முன்வரிசையில் பிரணவ் தன் மனைவியைப் பார்த்து ‘வேண்டாம்’ என்று தலையசைத்தான்.

மிருதுளா தன் கையைத் தூக்கினாள்.

“அடி சாமீ!” என்று தன்விகாவின் தாய் வாயில் கைவைத்தாள். “அதான் உம்பட புள்ள எப்பவும் ரெண்டாவது ரேங்க்குல நிக்குதா? நாங்கூட டீச்சர் வூட்டுப் புள்ள, பொறுப்பாப் படிக்குதுன்னுல்ல நெனச்சேன்!”

“உங்க புள்ளையும் அதேதாங்க! இந்தா, இங்க தொங்குது பாருங்க!”

“எம்பட புள்ளைக்குச் சொந்த மூளைங்க. மெசினு கோளாறா இருக்கும்.”

“ஆமாங்க, மெசினுதான் கோளாறு,” என்று பல குரல்கள் சேர்ந்துகொண்டன. ஊரார் ஒரு பொய்யைச் சேர்ந்து சொல்லும்போது அதில் எத்துணை இசைவு!

பின்வரிசையிலிருந்து பாவாயியின் தந்தை சந்தோஷ் தயங்கித் தயங்கி எழுந்தான். “ஏனுங்க டீச்சர், நாங்க மையத்துக்கே போகலீங்க. அப்ப எங்கூட்டுப் புள்ளைக்குத்தான் மொதல்ல வருமுங்களா? அவதான் எப்பப் பாத்தாலும் தும்மிக்கிட்டே கெடக்கறா.”

அரங்கம் வாய்விட்டுச் சிரித்தது. அச்சிரிப்போடு கூட்டம் கலைந்தது. ஒரே கொட்டகையில் அடைபட்ட கோழிகளைப் போல, திங்கட்கிழமை பிள்ளைகள் மாதிரித் தேர்வுக்கு வந்து அமர்ந்தனர். மிருதுளா விடுப்பெடுத்து, யாழிசையை மட்டும் வீட்டில் நிறுத்தினாள். மதியம் மிருதுளா உறங்கிய வேளையில், பிரணவே மகளைத் தேர்வுக்குக் கொண்டுபோய் விட்டுவந்தான். “அறுபது மார்க்கு போயிருமே மிருது,” என்பதற்குமேல் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

தேர்வு அறையில் முதலில் இருமியவன் ரித்விக். அவன் வீட்டுக்குக் கோழிப்பண்ணை உண்டு. மறுநாள் அவனுடைய வரிசை இருமியது. வார இறுதிக்குள், சிவப்பு, நீலம், மஞ்சள், மஞ்சள், பச்சை என்று எழுதப்பட்ட அத்தனை பிள்ளைகளும் மருத்துவமனையில் கிடந்தனர். காய்ச்சல் ஒரே அளவில் ஏறியது. நுரையீரல் ஒரே இடத்தில் வெளுத்தது. ஒருவனுக்கு எந்த மணியில் மூச்சுத் திணறியதோ, ஏறத்தாழ அதே மணியில் அடுத்தவளுக்கும் திணறியது. ஒரே விடைத்தாளை முப்பத்தொன்பது முறை படிப்பதுபோல் இருந்தது என்று பணியிலிருந்த மருத்துவர் சொன்னார். அவருடைய பணிக்காலத்தில் அப்படியொன்றை அவர் கண்டதில்லை.

மகிழன் முதலில் போனான். வகுப்பின் முதல் வரிசையில் இருந்து, “சத்தியமா நாங்க பாத்து ஒட்டலீங்க” என்றவன். மறுநாள் தன்விகாவும் போனாள். அவளுடைய தாய் நடைக்கூடத்தில் மிருதுளாவின் கால்களைக் கட்டிக்கொண்டு, “தூக்கியிருக்கோணும் டீச்சர், கையத் தூக்கியிருக்கோணும்” என்று கதறினாள். மிருதுளாவுக்கு அழுகை வரவில்லை. கண்ணாடிச் சுவருக்குள் யாழிசையின் மார்பு ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்தவாறே, கல்லாய்ச் சமைந்து நின்றாள். ஏறியது. இறங்கியது. மீண்டும் ஏறுமா?

அப்போதுதான் அவளுக்குப் பின்னால் ஒரு தும்மல் கேட்டது.

பாவாயி நின்றுகொண்டிருந்தாள். கையில் யாழிசையின் தேர்வுப் பேனா. “கீழ விழுந்து கெடந்துச்சு மிஸ். குடுக்கலாம்னு வந்தேன்.”

“நீ... உனக்குக் காய்ச்சல் வரலையா?”

“ஒரு நாள் மூக்கு ஒழுகுச்சு மிஸ். அது எனக்கு எப்பவுமே ஒழுகும்.”

யாழிசையோடு ஒரே பெஞ்சில், தோளோடு தோள் உரச அமர்ந்து தேர்வெழுதியவள். மிருதுளா அவளுடைய கையைப் பற்றி மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு ஓடினாள்.

பாவாயியின் குருதியில், சேவல் காய்ச்சல் கிருமியைப் பிடித்து முடக்கும் எதிர்ப்பொருள்கள் நிறைந்திருந்தன. அவளுடைய இரண்டு காவல்காரர்களில் ஒருவனுக்கு அந்தத் திருடனின் முகம் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். குருதியின் தெளிநீரைப் பிரித்து, மூச்சுத் திணறுபவர்களுக்கு முதலில் ஏற்றினார்கள். அதனை மாதிரியாகக் கொண்டு ஆய்வகத்தில் மேலும் செய்தார்கள். ஊசி குத்தும்போது சந்தோஷ் ஒன்றே ஒன்று கேட்டான்: “ரத்தம் எடுத்தா புள்ளைக்குக் கண்ணு பவரு ஏறீருமுங்களா?”

யாழிசை கண்விழித்தாள். எழுந்து உட்கார இரண்டு வாரங்கள் ஆயின. கட்டிலருகே அமர்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருந்த பாவாயியை அவள் வெகுநேரம் பார்த்தாள்.

“ஏய் அச்சுப்பிழை. உன் ரத்தந்தான் இப்ப எனக்குள்ள ஓடுதாமா?”

“ஆமா. நாளையிலிருந்து நீயும் தும்முவ.”

வகுப்பு மீண்டும் திறந்தபோது பல இருக்கைகள் காலியாக இருந்தன. மிருதுளா அதே பாடத்தை மறுபடியும் நடத்தினாள். பரிணாமம் என்பது முதல் பரிசு பெற்றவனைத் தேர்ந்தெடுக்கும் போட்டியன்று. நாளை எந்த வினா வருமென்று எவருக்கும் தெரியாத தேர்வு. அதனால்தான் இயற்கை ஆளுக்கொரு விடையை எழுதி வைக்கிறது. நாம் பிழையென்று அடித்தவற்றுள் எது நாளைய விடை என்பதை யாரறிவார்? பாவாயி பிழைத்தது உயர்ந்தவள் என்பதால் அன்று, வேறானவள் என்பதால். அடுத்த நோய் அவளையே தேடி வரலாம். அன்று மற்றவர்கள் பிழைப்பார்கள். பிள்ளைகள் அசையாமல் கேட்டனர். ஊரும் கற்றுக்கொண்டிருக்கும் என்று அவள் நம்பினாள்.

ஊர் கற்றுக்கொண்டது. எதைக் கற்றது என்பது சில நாள்களில், அவளுடைய நாத்தனார் நிரஞ்சனா வீட்டுக்கு வந்தபோது தெரிந்தது. நிரஞ்சனா கருவுற்றிருந்தாள்.

“அண்ணி, நீங்க அந்தப் பாவாயி புள்ளையோட டீச்சருதானே? மையத்துல ஒரு வார்த்தை சொல்லுங்களேன். நெம்பக் கூட்டமா இருக்குது.”

“எதுக்கு?”

நிரஞ்சனா எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். “பழைய விடைக்குறிப்பு போயிருச்சு. இப்பப் புதுசு வந்திருக்குது. அந்தப் புள்ளையோடது. ஆசுபத்திரியில எடுத்த ரத்தத்துலயே எடுத்துட்டாங்களாமா.”

“யாரைக் கேட்டு எடுத்தாங்க?” என்று மிருதுளா கத்தியேவிட்டாள். “அந்தக் குழந்தையைக் கேட்டாங்களா? அவளோட அப்பனைக் கேட்டாங்களா? ஏன் நிரஞ்சனா, உனக்குப் புத்தி இருக்குதா? எல்லாரும் ஒரே மாதிரி ஆனதாலதானே அந்தப் பிள்ளைங்க செத்துதுங்க! மறுபடியும் எல்லாரும் ஒரே மாதிரியா?”

“அது தப்பான ஆளைப் பாத்து எழுதுனதுனால அண்ணி. இது சரியான ஆளு.”

மிருதுளா அவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“அப்படியே வெச்சுக்க. அவளைக் காப்பாத்துனது ஒரு பத்திதான். அதை மட்டுமாவது...”

“எந்த எழுத்து காப்பாத்துச்சுன்னு யாரு கண்டா? எதையாவது விட்டுட்டு அப்புறம் புள்ளை போச்சுன்னா? நெறத்தையும் ஆணா பொண்ணாங்கறதையும் தவிர ஒண்ணையும் விட வேண்டாம், அப்படியே எடுத்துக்கலாம்னு டாக்டரே சொல்லிட்டாரு.” நிரஞ்சனா குரலைத் தாழ்த்தினாள். “வெளிய சொல்லீராதீங்க அண்ணி. எங்களுக்கு மட்டுந்தான் தர்றாங்களாமா.”

மிருதுளா மையத்தின் வாயிலில் நின்று பேசினாள். சுகாதாரத் துறைக்கு நடையாய் நடந்தாள். புகார் விசாரணையில் இருக்கிறது என்றார்கள். அது விசாரணையிலேயே இருந்தது, கருக்கள் காத்திருக்கவில்லை.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. மழலையர் வகுப்பின் தொடக்க விழாவுக்கு, வெளியூரில் செவிலியர் படிப்புப் படித்துக்கொண்டிருந்த பாவாயியைத் தாளாளர் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார். அவள் தந்தையின் முட்டை லாரியிலேயே வந்து இறங்கினாள். மாலை போட்டு, ஒரு தட்டு நிறைய மிட்டாயைக் கையில் கொடுத்துப் பிள்ளைகளிடம் அனுப்பினார்கள். மேல்நிலை வகுப்பை முடித்துவிட்டு மிருதுளா அங்கே வந்தபோது, பாவாயி ஒவ்வொரு குழந்தையின் வாயிலும் தன் கையாலேயே மிட்டாயை ஊட்டிவிட்டு, வாசற்படிக்கு வந்து நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“மிஸ்... யாருங்க மிஸ் இதுங்க?”

மிருதுளா உள்ளே எட்டிப் பார்த்தாள். வரிசை வரிசையாகச் சின்னஞ்சிறு நாற்காலிகள். நிறம் வேறு, உடை வேறு; ஆனால், ஒவ்வொரு மூக்கின்மேலும் தடித்த கண்ணாடி. ஒவ்வொரு காதுமடலும் தாடையோடு ஒட்டியிருந்தது. சாளரத்தின் வழியே கோழிப்பண்ணைத் தூசு வந்ததும், அத்தனை பிள்ளைகளும் ஒருவர்பின் ஒருவராகத் தும்மினர். இரண்டாவது வரிசையில் நிரஞ்சனாவின் மகனும் தும்மினான்.

“என்னை எல்லாரும் அச்சுப்பிழைன்னு கூப்புட்டப்போகூட இப்படி பயமா இல்லீங்க மிஸ்,” என்ற பாவாயி, நிலைக்கதவில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றினாள். “கண்ணு எரியுது.”

மிருதுளா அவளுடைய தோளைத் தொட்டாள். பிறகு நெற்றியைத் தொட்டாள். கை சுட்டது.

“என்ன கண்ணு, இப்படிக் கொதிக்குது? எத்தனை நாளா?”

“முந்தாநாள் ராத்திரியிலிருந்து மிஸ். என்ன காய்ச்சல்னு டாக்டருங்களுக்கே தெரியல. ஹாஸ்டல்ல என்கூட இருக்கறவங்க யாருக்கும் ஒண்ணுமே இல்லீங்க.” பாவாயி வறண்ட உதடுகளை நனைத்துக்கொண்டாள். “எனக்கு மட்டுந்தான்.”

வகுப்பறையில், அவள் ஊட்டிய மிட்டாயைச் சப்பியவாறே, அத்தனை பிள்ளைகளும் ஒரே விதமாய் நிமிர்ந்து அவர்களைப் பார்த்தனர்.